ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு குறி

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எங்கள் தீவில், லம்பா லைன் பகுதியில், சபையின் பாடகர் பயிற்சி முடிந்து எல்லாரும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். குழுவை நடத்துகிற அக்கா மருத்துவமனையில் நர்ஸ். தன் பென்சில் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு புலம்பினார். அறுப்பின் பண்டிகைக்கு நாங்களும் இன்னொரு தீவில் இருக்கிற ஹட் பே சபையும் சேர்ந்து நான்கு குரலில் ஒரு பாட்டுப் பாட வேண்டும். நாங்கள் முந்தின நாள்தான் கப்பலில் போய் இறங்குவோம். அதுவரை அவர்கள் அங்கே தனியாகப் பழக வேண்டும். நோட்டைப் போனில் படம்பிடித்து அனுப்பினால் பென்சில் கோடு ஒன்றும் தெரியவில்லையாம்.

"அச்சடிச்சு வியாழக்கிழமை கப்பல்ல அனுப்பணும். யாரு செய்வா?" என்றார்.

"நான் அடிச்சுத் தாரேன்க்கா."

சொன்ன வாய் என்னுடையதுதான்.

அதே ஊரில் டாலிகஞ்சில் எனக்கும் கணவருக்கும் ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. விண்ணப்பம், அறிவிப்பு, கல்யாணப் பத்திரிகை எல்லாம் அடித்துக் கொடுப்பேன். இசைக்குறி அடித்ததில்லை. ஆனால் பயம் அதைப் பற்றி மட்டும் இல்லை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். நின்றதும் அந்த ஹட் பேயில்தான், அப்பா எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்த காலத்தில். அம்மா படுத்துவிட்டாள், தங்கை சின்னவள், வீட்டுக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. அந்தத் தங்கை இன்றும் அங்கேதான் இருக்கிறாள், சபையில் ஆல்டோ, அதாவது பெண்களின் தாழ்ந்த குரல், பாடுகிறாள். என்னோடு படித்து மேலே போனவர்கள் மூன்று பேர் அதே குழுவில் இருக்கிறார்கள். ஒருத்தி டீச்சர். தாள் அவர்கள் கைக்குத்தான் போகும். யார் அடித்தது என்று கேட்பார்கள். தப்பாக இருந்தால், "ஓ, அவளா" என்பார்கள். அந்த "ஓ"வை நான் திங்கட்கிழமை காலையிலேயே கேட்க ஆரம்பித்துவிட்டேன்.

எங்கள் கம்ப்யூட்டர் பழசு. அதைப் பழுது பார்க்க வருகிற பெங்காலித் தம்பி ஒரு மென்பொருளைப் போட்டுக் கொடுத்தார். இலவசம், நெட் இல்லாமலும் ஓடும். "ஏக்தம் ஹல்கா ஹை, தீதி. சிர்ஃப் லிக்னா ஹை," என்றார். ரொம்ப லேசானது அக்கா, எழுதினால் மட்டும் போதும் என்று அர்த்தம். மாதிரிக்கு ஒரு கோப்பையும் போட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போய்விட்டார்.

எழுதினால் போதும்தான். கோட்டில் சுரத்தை எடுத்து வைக்கிற வேலையே அதில் இல்லை. ச, ரி, க மாதிரி சி, டி, இ என்று ஆங்கில எழுத்தாக அடிக்க வேண்டும். பக்கத்தில் நான்கு என்று போட்டால் நான்கில் ஒரு பங்கு, அதாவது ஒரு தட்டு; இரண்டு என்று போட்டால் பாதி, அதாவது இரண்டு தட்டு. கட்டளை ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு சாய்ந்த கோடு. திறந்த வளைவு அடைப்பை எங்கேயாவது மூடியாக வேண்டும். எல்லாம் அடித்து முடித்து ஒரு பொத்தானை அழுத்தினால் தாளாக வரும். இல்லையென்றால் சிவப்பில் திட்டும்.

என்னைத் திட்டத்தான் செய்தது. நாற்பத்தொன்றாம் வரியில் பிழை என்றது. போய்ப் பார்த்தால் அந்த வரியில் ஒரு குறையும் இல்லை. எழுத்தெழுத்தாக அழித்து மறுபடி அடித்தேன். மறுபடியும் நாற்பத்தொன்று. அந்த ஆங்கில வாக்கியத்தை ஒரு காகிதத்தில் எழுதி, போனில் அர்த்தம் பார்த்தேன். எதையோ எதிர்பார்த்தேன், வரவில்லை என்கிறது. என்ன எதிர்பார்த்தாய் என்று சொன்னால்தானே கொடுக்க முடியும்? கடைக்கு வந்தவர்கள் ஆதார் நகலுக்கு நின்றுகொண்டே இருந்தார்கள். மத்தியானத்துக்கு மேல்தான் கண்டுபிடித்தேன். ஆறாம் வரியில் திறந்த அடைப்பை நான் மூடவே இல்லை. ஆறில் செய்த தப்பு நாற்பத்தொன்றில்தான் அதற்கு உறைத்திருக்கிறது. எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் வந்த அழுகைதான்.

செவ்வாய்க்கிழமை தாள் வந்தது. ஆல்டோவின் முதல் சுரம் ஒழுங்காகக் கோட்டில் உட்கார்ந்திருந்தது. அடுத்தது அதற்கு மேலே. மூன்றாவது கோட்டைத் தாண்டி. அதன் பிறகு ஒவ்வொன்றும் ஏணி வைத்த மாதிரி ஏறி, பாட்டின் தலைப்பை இடித்துக்கொண்டு, தாளின் விளிம்பில் காணாமல் போனது.

கணவர் எட்டிப் பார்த்தார். "என்ன, ஆல்டோ பரலோகத்துக்கே போயிட்டா போலிருக்கு?"

"சும்மா இருக்கீங்களா?"

"நான் என்ன சொன்னேன்? பண்டிகைக்குப் பொருத்தமாத்தான் இருக்கு."

பெங்காலித் தம்பிக்குப் போன் செய்தேன். எழுத்துக்குப் பக்கத்தில் மேலே ஒரு சின்னக் குறி போட்டால் சுரம் மேல் ஸ்தாயிக்கு வரும் என்று மாதிரிக் கோப்பில் பார்த்திருந்தேன். ஆகவே எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாச் சுரத்துக்கும் அதைப் போட்டிருந்தேன். அவர் சிரித்தார்.

"தீதி, ஏக் பார் போல் தியா நா? பஸ். பார் பார் க்யோன் போல்தா ஹை?"

ஒரு தடவை சொல்லிவிட்டீர்கள் அல்லவா, ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறீர்கள் என்கிறார். கோப்பின் தலையில் ஒரு கட்டளை இருக்கிறதாம். அது இருந்தால் ஒவ்வொரு சுரமும் முந்தின சுரத்துக்குப் பக்கத்திலேயே தானாக உட்கார்ந்துகொள்ளும். குறி போட்டால் அங்கிருந்து இன்னும் ஒரு ஸ்தாயி ஏறும். நான் குறி போடப் போட அது ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது. கேஸை மூடினீர்களா என்று கணவரிடம் மூன்று தடவை கேட்கிறவள் நான். ஒரு தடவை சொன்னதை நம்பு என்று கம்ப்யூட்டர் சொன்னால் எனக்கு எப்படி நம்பிக்கை வரும்?

புதன்கிழமை முதல் சுரத்தின் குறியை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் ஒரே அடியாக நீக்கினேன். சுரங்கள் கீழே இறங்கிவந்து வரிசையாக உட்கார்ந்தன. நோட்டைப் பக்கத்தில் வைத்து நான்கு தடவை சரிபார்த்தேன். நோட்டில் சி என்றால் தாளிலும் சி. ஜி என்றால் ஜி. பாட்டு வார்த்தையில் கால், கொம்பு எல்லாம் பார்த்தேன். வியாழன் காலை கப்பலில் போகிற ஒருவரிடம் உறையைக் கொடுத்தோம். கப்பல் நகர்கிறவரை துறைமேடையில் நின்றேன். வீட்டுக்குப் போன பிறகு, உறையை ஒட்டினோமா என்று கணவரிடம் கேட்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலப் பயிற்சியில் அதே தாளை வைத்து நர்ஸ் அக்கா கீபோர்டில் ஆல்டோவை வாசித்தார். பாதிவரை நன்றாகத்தான் போனது. பதின்மூன்றாவது கட்டத்தில் சத்தம் திடீரென்று கிணற்றுக்குள் விழுந்தது. ஆண்களின் பகுதிக்கும் கீழே.

"இதென்ன, ஆல்டோவுக்குச் சளி பிடிச்சிருச்சா?" என்று பின்னால் யாரோ கேட்க, எல்லாரும் சிரித்தார்கள்.

அக்காவிடமிருந்து நோட்டை வாங்கிப் பார்த்தேன். அந்த இடத்தில் சியிலிருந்து மேலே ஜிக்குத் தாவ வேண்டும். பக்கத்தில் இருக்கிற ஜி கீழே இருப்பது. குறி இல்லாததால் அது கீழே போய்விட்டது. பின்னால் வந்த சுரமெல்லாம் அதன் பின்னாலேயே இறங்கிப் போய்விட்டன. அந்த ஒரு இடத்தில் மட்டும் குறி வேண்டும். அதையும் சேர்த்து நீக்கியிருந்தேன். நான்கு தடவை பார்த்தேனே, பெயரைப் பார்த்தேன், உயரத்தைப் பார்க்கவில்லை.

தங்கைக்குப் போன் செய்தால் மூன்றாவது தடவைதான் லைன் கிடைத்தது.

"தாள் வந்திருச்சுக்கா. ஜோரா இருக்கு. ஆனா பதிமூணுல இருந்து எங்களால முடியல. தொண்டையெல்லாம் கட்டிக்கிடுச்சு."

"அப்படியேவா பாடுதீங்க?"

"அச்சுல இருக்கே! டீச்சரும் அப்படித்தான் பாடுதா. எருமை கத்துற மாதிரி இருக்குன்னு எங்க வீட்டுக்காரரு சொல்லுதாரு."

"அது தப்பு. ஒரு ஸ்தாயி மேல பாடணும்."

போனோடு அவள் வாசலுக்கு நடக்கிற சத்தம் கேட்டது.

"கம்ப்யூட்டர் தப்புன்னு சொல்லிரவாக்கா?" மெதுவாகக் கேட்டாள். அவளுக்கும் அந்த "ஓ" கேட்டிருக்கிறது.

சொல்லியிருக்கலாம், யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் மூன்று நாளாக அந்தக் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டியவள் நான். நான் சொன்னதைத் தவிர அது ஒன்றையும் செய்யவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரமே.

"இல்ல. நான் ஒரு குறிய விட்டுட்டேன்னு சொல்லு. பதிமூணாவது கட்டத்துல ஜிக்கு மேல பேனாவால ஒரு அம்பு போடு. அதுல இருந்து கடைசி வரைக்கும் எல்லாம் மேல. ஒரு அம்பு போதும்."

போனை வைத்துவிட்டு அதையே மெசேஜாகவும் அனுப்பினேன். பத்து நிமிடம் கழித்து இன்னொரு தடவையும் அனுப்பினேன்.

பண்டிகைக்கு முந்தின நாள் ஹட் பேயில் இறங்கினோம். கூட்டுப் பயிற்சியில் டீச்சர் என்னைப் பார்த்து, "தொண்டைய நாசமாக்கிட்டியேடி!" என்று தோளில் அடித்தாள். அடி பலமாகவே விழுந்தது. அந்த "ஓ" மட்டும் வரவில்லை. நான் தங்கை பக்கத்தில் போய் நின்று, அவள் தாளை எட்டிப் பார்த்தேன்.

பதின்மூன்றாவது கட்டத்தில் நீல மையில் ஒரு அம்பு இருந்தது. அடுத்த சுரத்தின் மேலும் ஒன்று இருந்தது. அதற்கடுத்ததிலும். கடைசிக் கோடுவரை, ஒரு சுரம் விடாமல், எல்லாவற்றின் தலையிலும் அம்பு போட்டிருந்தாள்.

"ஒண்ணு போதும்னு சொன்னேன்ல?"

"எதுக்கும் இருக்கட்டுமேக்கா," என்றாள்.