மாமியார் சொன்னதாகச் சொன்னது

வேலை என்று வந்துவிட்டால் லிஃப்ட் மெக்கானிக் எதையும் நாளைக்கு என்று தள்ளுகிற ஆள் இல்லை. மோட்டார் சத்தம் லேசாக மாறினாலும் அன்றைக்கே மெஷின் ரூமுக்கு ஏறிவிடுவான். மனிதர்களிடம் வாய் திறந்து சொல்ல வேண்டிய விஷயம் என்றால் மட்டும் இவனைப் போல ஆறப்போடுகிறவன் கிடையாது. அப்படி ஆறப்போட்டதிலேயே பெரியது அவனுடைய கல்யாணம். ஆகி இரண்டு வருஷம் முடிந்தும் பெற்ற தாய்க்குத் தெரியாது.

கல்யாணம் நடந்தது இவன் நாட்டிலும் இல்லை, கட்டிக்கொண்டவள் நாட்டிலும் இல்லை. இருவரும் பிழைக்கப் போன மூன்றாவது நாட்டில். ஒரு பெரிய ஓட்டலில் இவன் பதினொரு லிஃப்டுகளுக்குப் பொறுப்பு, அவள் சலவைப் பிரிவுக்குப் பொறுப்பு. ஒருநாள் சரக்கு லிஃப்ட் நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஈரப் படுக்கை விரிப்புகள் நிறைந்த இரண்டு தள்ளுவண்டிகளோடு அவள். பயந்துவிடப் போகிறாள் என்று வெளியிலிருந்து நாற்பது நிமிஷம் விடாமல் பேசிக்கொண்டே வேலை செய்தான். அதில் பாதி நேரம் விரிப்பில் சாய்ந்து தூங்கிவிட்டதாக அவள் பிற்பாடு சொன்னாள். இருவருக்கும் பொதுவாக ஒரு பாஷை கிடையாது. ஓட்டலில் கற்றுக்கொண்ட அரைகுறைப் பாஷையில் அவள் சொல் பாதி, இவன் சொல் பாதி கலந்து குடும்பம் நடத்துமளவுக்குத் தேற்றிக்கொண்டார்கள். பதிவு அலுவலகத்தில் ஏழு நிமிஷத்தில் காரியம் முடிந்தது. சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள் ஸ்டோர் கீப்பரும் இஸ்திரி போடுகிற அக்காவும். அன்றைக்கு மதிய ஷிஃப்டுக்கு நாலு பேரும் ஆஜர்.

ஊரில் இருந்த அம்மா லேசுப்பட்டவள் இல்லை. சட்டை தைக்கிற ஃபேக்டரியில் குறை பார்க்கிற மேஜையில் இருபத்தெட்டு வருஷம் உட்கார்ந்தவள். ஒரு நூல் விலகியிருந்தாலும் சட்டையைத் திருப்பி அனுப்பிவிடுவாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றாள், அந்தக் கண் ஓய்வு பெறவில்லை. மூத்த மகள் தானே ஒருவரைப் பார்த்துக் கட்டிக்கொண்டபோது ஆறு வருஷம் அவளோடு பேசவில்லை. இவன் கல்யாணம் செய்த மாசம் அம்மாவுக்கு முழங்காலில் ஆபரேஷன். நடக்க ஆரம்பிக்கட்டும், சொல்லலாம் என்று இருந்தான். நடக்க ஆரம்பித்தாள். படி ஏறட்டும் என்று இருந்தான். படியும் ஏறினாள். இவன் வாய் மட்டும் திறக்கவில்லை.

மறைத்ததோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. "உங்க அம்மா என்ன சொன்னாங்க?" என்று மனைவி ஆசையாகக் கேட்பாள். "சந்தோஷப்பட்டாங்க" என்று ஆரம்பித்தான். ஆரம்பித்த பிறகு நிறுத்த வழியில்லை. அவள் ஃபோட்டோவைப் பார்த்து அம்மா பொருத்தமாக இருக்கிறது என்றாளாம். முழங்காலுக்கு அவளே பின்னி அனுப்பிய கம்பளி உறையை அம்மா கழற்றுவதே இல்லையாம். உறையைக் கம்பெனியில் எல்லாருக்கும் கொடுத்தார்கள் என்று சொல்லித்தான் லீவில் வந்தபோது அம்மாவிடம் தந்திருந்தான். அம்மா அதைத் திருப்பிப் பார்த்து ஓரத்தில் முடிச்சு சரியில்லை என்று அலமாரியில் வைத்துவிட்டாள்.

ஓட்டல் கைமாறியது. இவன் வேலை முதலில் போனது. அவள் ஒப்பந்தம் முடிய ஐந்து மாசம் இருந்தது. அதற்குள் வழி செய்யாவிட்டால் அவள் தன் நாட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். அங்கிருந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எத்தனை வருஷம் பிடிக்கும் என்று யாருக்கும் தெரியாது.

ஊர் திரும்பியவன் குடிவரவு அலுவலகத்துக்கு எதிர்க் கட்டட மாடியில் விண்ணப்பம் எழுதித் தருகிறவரிடம் போனான். அவர் விதிகளையெல்லாம் கரைத்துக் குடித்தவர்.

"அங்கேயே ரெண்டு பேரும் இருக்கலாம்னா, வேலை போச்சுன்னா விசாவும் போச்சு. அவங்க நாட்டுக்கு நீங்க போறதுன்னா, அவங்க பாஷையில பரீட்சை எழுதணும், அவங்க முதல்ல போய் ஒரு வருஷம் அங்க சம்பாதிச்சுக் காட்டணும். சுற்றுலானு சொல்லி இங்க கூட்டிட்டு வந்து அப்புறம் மாத்திக்கலாம்னு சில பேர் சொல்லுவாங்க, கேக்காதீங்க. வாசல்லயே பொய் சொன்னதா ஆயிடும். நேர் வழி ஒண்ணுதான். கல்யாணச் சான்றிதழுக்கு அங்க முத்திரை வாங்கி, இங்க பதிஞ்சு, மனைவிக்கான அனுமதி கேட்டுப் போடுங்க. நிஜமான கல்யாணம்தானே?"

"நிஜம்தாங்க."

"அப்ப என்ன பயம்? வீட்டுக்கு விசாரணைக்கு வருவாங்க. சொல்லாம வருவாங்க. வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லி வைங்க."

"சொல்லிடறேன்."

ஞாயிற்றுக்கிழமை சொல்வது என்று முடிவு செய்தான். எந்த ஞாயிற்றுக்கிழமை என்பதை முடிவு செய்யவில்லை.

விசாரணைக்கு ஒரு பெண் அதிகாரி வந்தது வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு. அந்த நேரம் இவன் நகரத்தின் இன்னொரு மூலையில், பதினாலு மாடிக் கட்டடத்தின் உச்சியில் கிரீஸ் கையோடு இருந்தான். சாயங்காலம் வீடு திரும்பியதும் அம்மாவே சொன்னாள்.

"ஒரு அம்மா வந்துட்டுப் போனாங்கடா. ஏதோ அரசாங்க விசாரணையாம். நல்ல மாதிரி. உங்க பையனோட மனைவி எங்கனு கேட்டாங்க. இன்னும் ஆகலையேம்மா, பார்த்துட்டிருக்கேன், உங்களுக்குத் தெரிஞ்ச இடம் இருந்தா சொல்லுங்கன்னேன். வெளிநாட்டுப் பொண்ணு யாரையாவது தெரியுமானாங்க. யாரையும் தெரியாது, யார்கிட்டேருந்தும் ஒரு துரும்பு வந்ததில்லனு சொன்னேன். எழுதிக் கையெழுத்துக் கேட்டாங்க. என் வயசைத் தப்பாப் போட்டிருந்தாங்க. அதைத் திருத்தித்தான் போட்டேன்."

 நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொல்லி முடித்தான். இரண்டு வருஷமாக வராத வார்த்தைகள் இரண்டு நிமிஷத்தில் வந்தன.

அம்மா துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. "எந்த மாசம்?" என்று மட்டும் கேட்டாள். சொன்னான். "நான் ஆஸ்பத்திரியில கிடந்த மாசம்" என்றாள். அதன் பிறகு மூன்று நாள் பேச்சு இல்லை. நாலாம் நாள் இவன் கெஞ்சினான்.

"முன்னாடியே தெரியும், மறந்துட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடும்மா."

"தெரியாதே."

"எனக்காக."

"உனக்காகத்தான் அந்தம்மாகிட்ட பொண்ணு இருக்கானு கேட்டேன். என்னைப் பைத்தியக்காரி ஆக்கிட்டியேடா."

மூன்று வாரத்தில் மறுப்புக் கடிதம் வந்தது. கல்யாணம் அனுமதிக்காகச் செய்த ஏற்பாடு என்று கருதுகிறார்களாம். இவனுக்கு ஒன்று, வெளிநாட்டில் இருந்த மனைவிக்கு ஒன்று. அம்மாவின் வாக்குமூலத்தை மனைவியின் பாஷையிலேயே ஒழுங்காக மொழிபெயர்த்து இணைத்திருந்தார்கள்.

அவள் ஃபோனில் அதை வரிவரியாகப் படித்தாள். பின்னால் சலவை இயந்திரங்கள் ஓடுகிற சத்தம்.

"இது உங்க அம்மா கையெழுத்தா?"

"ஆமா."

"நான் பின்னின உறை?"

"கம்பெனியில குடுத்ததுனு சொல்லிட்டேன்."

"அப்ப கழட்டறதே இல்லனு சொன்னது?"

"நான்."

"ஃபோட்டோவைப் பார்த்துப் பொருத்தமா இருக்குனு சொன்னது?"

"நான்தான்."



"எங்க அம்மா செத்தப்போ, இனிமே உனக்கு நான்தான் அம்மானு சொல்லி அனுப்பினாங்களே. அது?"

"அதுவும் நான்தான்." 

"அந்த ஒரு வார்த்தையை வெச்சுக்கிட்டுத்தான் அந்த மாசம் முழுக்க நான் எழுந்து வேலைக்குப் போனேன்" என்றாள். ஃபோனை வைத்துவிட்டாள்.

அதிலிருந்து இவன் பத்து முறை கூப்பிட்டால் ஒரு முறை எடுப்பாள். சாப்பிட்டாயா என்றால் சாப்பிட்டேன், தூங்கினாயா என்றால் தூங்கினேன். அரசாங்கம் மறுத்ததைவிட இதுதான் அவனைத் தின்றது. அரசாங்கத்திடம் மேல்முறையீடு செய்ய முப்பது நாள் இருந்தது. அவளிடம் எந்த ஜன்னலில் மனுப் போடுவது?

மேல்முறையீட்டுக்கு அம்மா வர வேண்டும் என்றார் விண்ணப்பம் எழுதுகிறவர். தயங்கித் தயங்கித்தான் கேட்டான்.

"வர்றேன். ஆனா எனக்குத் தெரிஞ்சதைத்தான் சொல்லுவேன்" என்றாள் அம்மா.

குடிவரவு அலுவலகத்தில் மேஜைக்குப் பின்னால் இருந்த மேலதிகாரி வாக்குமூலத்தைப் புரட்டிவிட்டுக் கேட்டார்.

"மகனுக்குக் கல்யாணம் ஆனது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாது சார். நீங்க ஆள் அனுப்பின அன்னைக்குத்தான் தெரியும்."



"அப்ப இது நிஜக் கல்யாணம்னு நாங்க எப்படி நம்பறது?"

"பேப்பருக்காகப் பண்ணியிருந்தா முதல் வேலையா என்கிட்ட சொல்லியிருப்பான். நானும் வந்தவங்ககிட்ட ஒழுங்கா ஒப்பிச்சிருப்பேன். பொய்யை யாராவது வீட்டுக்குத் தெரியாம செய்வாங்களா? இவன் எதை இழந்துடுவோம்னு பயப்படறானோ அதைத்தான் என்கிட்ட மறைப்பான். சின்னதுலேர்ந்து அப்படித்தான். அது எனக்குப் பிடிக்கல. ஆனா அதுதான் நிஜம்."

மேலதிகாரி அதை அப்படியே எழுதிக்கொண்டார். ஐந்து வாரத்தில் அனுமதி வந்தது.

அனுமதிக் கடிதத்தை அவளுக்கு அனுப்பினான். "கிடைத்தது" என்று ஒற்றை வார்த்தையில் பதில் வந்தது. டிக்கெட் பற்றிப் பேச்சே இல்லை. ஒப்பந்தம் முடிய பன்னிரண்டு நாள் இருந்தது. அவள் தன் நாட்டுக்குப் போகிற டிக்கெட்டை விசாரித்துக்கொண்டிருக்கிறாள் என்று இஸ்திரி போடுகிற அக்கா செய்தி அனுப்பினாள். அன்று முதல் அவன் சரியாகச் சாப்பிடவில்லை. வேலையில்கூட இரண்டு முறை மெஷின் ரூமைப் பூட்ட மறந்துவிட்டு வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளே கூப்பிட்டாள்.

"உன்கிட்ட இல்ல. உங்க அம்மாகிட்ட பேசணும். நான் கேக்கறதை அப்படியே சொல்லு. அவங்க சொல்றதை அப்படியே சொல்லு. ஒரு வார்த்தை மாத்தினாலும் எனக்குத் தெரியும்."

தெரிய வழியே இல்லை. ஆனாலும் தெரியும் என்றே அவன் நம்பினான். ஸ்பீக்கரைப் போட்டு ஃபோனை மேஜைமேல் வைத்தான். அம்மா எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"நான் வர்றது உங்களுக்குப் பிடிச்சிருக்கா?"

கேள்வியை அம்மாவிடம் சொன்னான்.

"பிடிச்சிருக்குனு எப்படிச் சொல்றது? என்னைக் கேக்காம நடந்தது. முகத்தைக்கூட நேர்ல பார்த்ததில்ல. கோபம் இன்னும் இருக்கு. வந்து இருந்து பார்க்கட்டும். நானும் பார்க்கறேன்."

அம்மா சந்தோஷமாக இருக்கிறாள், எப்போது வருவாய் என்று கேட்கிறாள். இந்த வாக்கியம் அவன் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. இரண்டு வருஷப் பழக்கம். எச்சிலோடு அதை விழுங்கினான். அம்மா சொன்னதைக் கோபம் உட்பட ஒன்று விடாமல் சொன்னான். 

எல்லாம் முடிந்தது என்று நினைத்தான்.

"ஏர்போர்ட்டுக்கு வருவாங்களானு கேளு" என்றாள் அவள்.

"நான் எதுக்கு அங்க? வீட்டுக்குத்தானே வர்றா. இங்க இருப்பேன்" என்றாள் அம்மா.

அதையும் சொன்னான்.

"நீயா சேர்த்தியா?"

"இல்ல."

"அவங்களையே ஒரு தடவை சொல்லச் சொல்லு. உங்க பாஷையிலயே."

ஃபோனை அம்மா பக்கம் நகர்த்தினான். ஒரே விஷயத்தை எத்தனை தரம் சொல்வது என்று அம்மாவுக்கு எரிச்சல். குனிந்து, தூரத்தில் இருப்பவளுக்குக் கேட்க வேண்டுமே என்று சத்தமாகச் சொன்னாள்.

"வீட்டுக்குத்தானேம்மா வர்றே. நான் இங்க இருப்பேன்."

இவன் அதை மொழிபெயர்க்கவில்லை. அவளும் கேட்கவில்லை.