நாற்காலியில் இருந்த கங்காணி

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கயிற்றை இழுத்தேன். இழுத்திருக்கக் கூடாது. அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

விஷயம் இதுதான். நான் ஒரு டிராமா எழுதினேன்.

சிரிக்க வேண்டாம். வாரா வாரம் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்கு என் படிப்பு தெரியும். எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் நாலாம் கிளாஸ். அப்புறம் டீ பாக்டரியில் அடுப்புக்கு விறகு தள்ளுகிற வேலை. இன்றுவரை அதே அடுப்பு. பத்திரிகையில் நாலு வரி வருகிறதே என்று, மாரியம்மன் கோயில் திருவிழா டிராமாவையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். வழக்கமாகப் புராணக் கதைதான் ஆடுவோம். இந்த வருஷம் நம்ம கதை வேண்டுமாம்.

நாற்பது வயதில் புதுத் தொழில் கற்றுக்கொள்வது பயம். அதையும் எஸ்டேட்டே பார்க்கக் கற்றுக்கொள்வது... கேட்க வேண்டுமா?

தேவிகுளம் கடைத்தெருவில் தையல் கடை வைத்திருக்கும் ராவுத்தரிடம் போனேன். என் வயதுதான். ஒரு காலத்தில் மதுரைப் பக்கம் டிராமா கம்பெனியில் உடுப்புத் தைத்தவர். மறைவில் நின்று வசனம் எடுத்துக் கொடுத்தவர். எழுதியதை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். அவர் மிஷினை நிறுத்தவே இல்லை.

"என்ன மாப்ளே, எல்லாரும் வர்றாக, சௌக்கியமான்னு கேக்குறாக, காப்பி குடிக்கிறாக, போறாக. இது டிராமாவா, கல்யாண வீடா?"

"பின்னே என்னத்தை எழுத, ராவுத்தரே?"

"ஒருத்தனுக்கு ஒண்ணு வேணும். இன்னொருத்தன் தர மாட்டேங்குறான். அம்புட்டுத்தான் டிராமா. ஒங்க லைன்ல யாருக்கு என்ன வேணும்? யாரு தர மாட்டேங்குறா?"

எழுதிய தாளை மடித்துவிட்டேன். பதில் தெரியாததால் அல்ல. தெரிந்ததால்.

லீவு வேண்டும். கங்காணி தர மாட்டார்.

போன மழையில் எங்கள் லைன் வீடுகளில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக, சாயங்காலமே தாய் போய் மறுநாள் லீவு கேட்டாள். "மஸ்டர்ல வந்து சொல்லு" என்றார் கங்காணி. மஸ்டர் என்றால் காலையில் கங்காணி ஆள் எண்ணி வேலை பிரிக்கிற இடம். யார் கேட்டாலும், எது கேட்டாலும் அவர் சொல்வது அந்த ஒரு வரிதான். காலை வரை காய்ச்சல் காத்திருக்கவில்லை. யார் வீட்டுக் குழந்தை என்று எழுத மாட்டேன்.

அதைத்தான் எழுதினேன். எழுதியதும் பயம் வந்தது. திருத்தினேன். எங்கள் கங்காணி குண்டு — நாடகத்துக் கங்காணியை ஒல்லியாக்கினேன். மீசையை எடுத்தேன். குடையைப் பிடுங்கினேன். பேச்சையும் மாற்றினேன்.

"இது ஆளே இல்ல மாப்ளே. கொடியில காயுற சட்டை" என்றார் ராவுத்தர். "ஒண்ணே ஒண்ணாச்சும் நெசமா வையி."

வைத்தேன். "மஸ்டர்ல வந்து சொல்லு." அந்த வரியை மட்டும்.

வீட்டில் வாசித்துக் காட்டினேன். "ரெண்டு மணி நேரம் மேடையில பேசிட்டு, அப்புறம் ரோட்டுலயா நிக்கிறது?" என்றாள் என் மனைவி. நியாயம்தானே? நாங்கள் இருக்கும் லைன் வீடு எஸ்டேட் வீடு. வேலை போனால் வீடும் போகும். மூன்று பிள்ளைகள். கங்காணி ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது.

ரிகர்சலில் ராவுத்தர் இன்னொன்றும் சொன்னார். "யாரைப் பாத்துப் பேசணும்னு எழுதி வையி. இல்லாட்டி அம்புட்டுப் பயலும் ஆகாசத்தைப் பாத்துப் பேசுவான்." அதனால், தாய் பேசும் இடத்தில், 'நாற்காலியில் இருக்கும் கங்காணியைப் பார்த்து' என்று எழுதினேன். தாய் வேஷம் சுடலைமுத்துவுக்கு. கொழுந்து வண்டி ஓட்டுகிறவன். அவனிடம் ராவுத்தர் தனியாகச் சொன்னது: "கூரையே விழுந்தாலும் வசனத்த நிறுத்தாத."

ஞாயிறு, பொழுது சாய்ந்ததும் பெட்ரோமாக்ஸ் ஏற்றினோம். முன்வரிசையில் கங்காணிக்கு ஒரு நாற்காலி. மற்றவர்கள் தரையில். முதல் சீன் முழுக்க அந்த நாற்காலி காலி. வர மாட்டார் போலிருக்கிறது என்று நன்றாக மூச்சு விட்டேன்.

இரண்டாம் சீன். கங்காணி வேஷம் போட்ட மாரிமுத்து நாற்காலியில் கால்மேல் கால் போட்டிருக்கிறான். எதிரே தாயும் தகப்பனும். அப்போது கூட்டம் விலகியது. முதலில் குடை தெரிந்தது.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. கங்காணி வந்தால், இருக்கிறவன் எழ வேண்டும். தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்து ஒதுங்கி நிற்க வேண்டும். யாரும் சொல்லித் தருவதில்லை. உடம்பே செய்யும்.

கூட்டம் எழுந்தது. மேடையில் தகப்பன் தலைத்துண்டை எடுத்தான். அதுவாவது போகட்டும்... மேடைக் கங்காணியும் எழுந்துவிட்டான்! தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்து ஓரமாய் நின்றான். அவன் மற்ற நாளெல்லாம் தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டுகிற ஆள்தானே?

கங்காணி உட்கார்ந்தார். கூட்டம் உட்கார்ந்தது. மேடையில் ஈ அசையவில்லை.

சேலை கட்டிய சுடலைமுத்துவுக்கு மட்டும் எடுக்கத் துண்டு இல்லை. நாற்காலியில் இருக்கும் கங்காணியைப் பார்த்துப் பேச வேண்டும் — அது அவனுக்குப் பாடம். மேடை நாற்காலி காலி. அங்குமிங்கும் தேடினான். கங்காணி இருக்கிற நாற்காலி முன்வரிசையில் இருந்தது. அதைப் பார்த்துக் கும்பிட்டான்.

"ஐயா, புள்ளைக்கு மேலு கொதிக்குதுய்யா. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போணும். லீவு குடுங்கய்யா."

அவ்வளவு பேரும் திரும்பினார்கள். நான் மறைவில் நின்று பதில் வசனத்தை மாரிமுத்துவுக்கு முணுமுணுக்கிறேன். அவன் வாய் திறக்கவில்லை.

பதில் முன்வரிசையிலிருந்து வந்தது. பழக்கம்தான். வேறென்ன?

"மஸ்டர்ல வந்து சொல்லு."

எழுதியபடியே. ஒரு சொல் பிசகவில்லை.

பின்னால் ஒரு பெண் சிரித்தாள். அப்புறம் மலையே சிரித்தது. கங்காணி சிரிக்கவில்லை. குடைப்பிடியை இறுக்கினார். என் கை தானாகக் கயிற்றுக்குப் போனது. இழுத்தேன். திரை விழுந்தது. முடிவு இல்லாமலே டிராமா முடிந்தது.

"கூறுகெட்ட மாப்ளே! இப்பத்தானய்யா டிராமாவே ஆரம்பிச்சுச்சு!" ராவுத்தர் தலையில் அடித்துக்கொண்டார்.

மறுநாள் காலை மஸ்டருக்கு வரச்சொல்லிக் கங்காணி ஆள் அனுப்பினார். போனேன். தெரிந்த பாதைதான்.

"நீதானே எழுதுனது?"

"ஆமாய்யா."

"கடேசில அந்தப் புள்ள என்னாச்சு?"

இதை நான் நினைக்கவில்லை. பிழைத்துவிட்டது என்றால் வீடு மிஞ்சும். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சுற்றிலும் கொழுந்துக் கூடையோடு பெண்கள். அதில் அந்தக் குழந்தையின் தாயும் இருந்தாள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செத்துப் போச்சுய்யா."

குடை முனையால் மண்ணைக் கிளறினார் கங்காணி.

"எழுதுனவன் நீ. சாக விட்டவனும் நீ. அம்புட்டுப் பேரும் என்னைய எதுக்குப் பாத்தாக?"

அவருக்குத் தெரியாதா?

"சனிக்கெழம திரும்ப ஆடுங்க. முழுசா ஆடணும். நான் மொதல்லயே வந்து உக்காந்துருவேன்."

இதற்கு என்ன அர்த்தம்? மிரட்டலா? நிஜமாகவே பார்க்க ஆசையா? தெரியவில்லை. ராவுத்தரைக் கேட்டால், "முடிவு தெரியாம ஒரு மனுசனத் தவிக்க விட்டிருக்க. நீ பாஸு மாப்ளே" என்கிறார். அவருக்கென்ன? கடை அவர் சொந்தக் கடை.

மனைவி பானை சட்டியைச் சாக்கில் கட்டி வைத்துவிட்டாள். முடிவை மாற்றிவிடட்டுமா என்று கேட்டேன். உலை கொதித்து இறக்கிய பிறகு சொன்னாள்.

"மாத்தாதீங்க. ஆனா சாக்க நான் அவுக்க மாட்டேன்."

இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது சனிக்கிழமை முடிந்திருக்கும். எழுதுகிற எனக்கு இன்னும் முடியவில்லை. பயம் இல்லாதவன்தான் டிராமா எழுதுவான் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. பயந்துகொண்டே எழுதலாம். பயந்துகொண்டே ஆடலாம். பயந்தவன் கையில் திரைக்கயிறு மட்டும் இருக்கக் கூடாது.

சனிக்கிழமை, கயிறு ராவுத்தர் கையில்.