சுண்ணாம்பு மலைக்கு எதிரே முட்டைக்கோழிகள்

எழுபதுகளின் கடைசியில் எங்கள் ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றுவிட்டார்கள். லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு, நானும் என் வீட்டுக்காரரும் செமோர் பக்கம் கொஞ்சம் நிலத்தை வாடகைக்குப் பிடித்து முட்டைக்கோழி வளர்த்தோம். அதுவும் கைவிட்டால் சுங்காயில் அவர் அண்ணன் இருக்கும் செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் மருந்தடிக்கத்தான் போக வேண்டும். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அந்த வேலைக்குப் போவதைவிடச் சாகலாம் என்று சொல்லித் திரிந்தேன். என் வாய் அப்படி.

வாசலில் நின்றால் எதிரே சுண்ணாம்பு மலை. கல்லுடைக்கிற சத்தம் தினமும் தொட்டில் வரைக்கும் கேட்கும்.

கோழிகள் நன்றாகத்தான் முட்டையிட்டன. ஒருநாள் காலையில் கம்பிக் கூண்டுகளில் நாலைந்து கோழிகள் காலை நீட்டிப் படுத்துக் கிடந்தன. கண் தெளிவாக இருந்தது, நிற்கத்தான் முடியவில்லை. மறுநாள் இன்னும் சில விழுந்தன. செத்த ஒன்றை அறுத்துப் பார்த்தேன். கால் எலும்பு ஒடியாமல் ரப்பர் கணக்காக வளைந்தது.

எலும்பு என்பது கொலாஜன் என்கிற நார் வலையாம், அதற்குள்தான் கால்சியம் இறுகிக் கிடக்குமாம். தீனியில் கால்சியம் போதாவிட்டால் கோழி தன் எலும்பைக் கரைத்து முட்டை ஓட்டுக்குக் கொடுத்துவிடும், வலைதான் மிஞ்சும். அன்று தொட்டிலில் கிடந்த மகள் பின்னாளில் படித்துவிட்டு வந்து சொன்னாள். அப்போது சொல்ல யார் இருந்தார்கள்?

பக்கத்துக் கோழிப் பண்ணையின் சீன முதலாளி, தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம், வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தார். "கூராங் காப்பூர்" என்று மலாயில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். காப்பூர் குறைவாம்.

"காப்பூர்னா சுண்ணாம்பு லா. வெத்தலைக்குத் தடவுறோமே, அதான்" என்றார் என் வீட்டுக்காரர்.

"அது நம்ம வாயையே பொத்துப் போடுது. கோழி தாங்குமா?"

"இத்தன செத்துக்கிட்டு இருக்கு, இப்பப் போயி கேள்வி கேக்குறியே!"

ஈப்போ மார்க்கெட்டில் வெற்றிலைச் சுண்ணாம்பு வாங்கி வந்து, தீனியில் பிசைந்து எல்லாக் கூண்டுக்கும் வைத்தார். பசியில் தின்றன. சாயங்காலம் அலகைத் திறந்தபடி தண்ணீருக்குத் தவித்தன. நன்றாக நின்ற கோழிகளும் அதற்குப் பிறகு தீனியைத் தொடவில்லை. ஒவ்வொன்றாக எல்லாம் விழுந்தன. இவர் கூண்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதார். திட்டத்தான் போனேன், செத்ததுகளைச் சாக்கில் அள்ளிப் போட்டுவிட்டு வந்தேன்.

தவுக்கே மறுபடி வந்து தலையில் அடித்துக்கொண்டார்.

"பத்து காப்பூர் லா! பத்து!"

பத்து என்றால் கல். அவர் கை எதிரே இருந்த மலையைக் காட்டியது. சுண்ணாம்புக் கல்லை நொறுக்கிப் போடச் சொல்லியிருக்கிறார் மனுஷன். முழுசாகச் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? எனக்கு அந்த மலையைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

சுங்காய்க்குச் சொல்லி அனுப்பினோம். லாரி வருகிற அன்று காலையில் கூண்டுகளைக் கழுவினேன். கடைசிக் கூண்டில் ஒரு கோழிக்கு மட்டும் இன்னும் உயிர் இருந்தது. படுத்த வாக்கிலேயே முட்டை போட்டிருந்தது.

"நிக்க வக்கில்ல, யாருக்குடி முட்ட போடுற?" என்று கத்தினேன். இடுப்பில் இருந்த பிள்ளை மிரண்டு அழுதது.

இவர் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. பொரித்துக் கொடுக்கலாம் என்று அந்த முட்டையைச் சட்டி விளிம்பில் தட்டினேன். உடையவில்லை. இன்னொரு தரம் ஓங்கித் தட்ட வேண்டியிருந்தது, ஓடு அவ்வளவு கெட்டி.