இலை பார்க்கப் போன ஞாயிறு

எங்கள் ஊரில் இலைகள் நிறம் மாறி உதிர்கிற ஒவ்வொரு ஏப்ரல் கடைசியிலும் எங்கள் அப்பாவுக்கு இலைப் பைத்தியம் பிடிக்கும். வேலையால் வந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கணினிக்கு முன்னால் இருந்து, மசிடன் மலையில் எவ்வளவு சிவந்திருக்கிறது, டண்டினோங் மலைத் தோட்டங்களில் காற்று எப்படி, பிரைட் ஊரில் மஞ்சள் கொட்டத் தொடங்கிவிட்டதா என்றெல்லாம் பார்ப்பார். பார்த்ததைக் குசினியில் நிற்கிற அம்மாவுக்கு அறிவிப்பார். அம்மா "ம்" என்பார். "இலை பார்க்க ஜப்பானுக்கு ஆக்கள் பிளேன் ஏறிப் போகினம். எல்லாம் எங்கட கிளேட்டனுக்குப் பக்கத்திலயே கிடக்கு" என்பது அவர் ஆண்டுதோறும் சொல்கிற வசனம். ஆனாலும் ஒருநாள் கியோட்டோவுக்குப் போக வேண்டும் என்ற ஆசையும் அவருக்கு இருந்தது.

எனக்கு ஆறு வயதாக இருந்த வருசம், இலை பார்க்க எங்களோடு இன்னொருவரும் வருவதாக ஏற்பாடு. அம்மாவின் தங்கையான சித்தி அப்போது எங்கள் வீட்டில் இருந்து பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். அவருடைய அறையில்தான் நான் படுப்பேன். கோவில் அன்னதானத்துக்கு மரக்கறி வெட்டப் போன இடத்தில் சித்திக்கு ஒருவர் பழக்கமாகியிருந்தார். வீடுகளுக்கு டைல்ஸ் பதிக்கிறவர். அகதியாகப் படகில் வந்தவர். அவரை வீட்டுக்கு அழைத்தால் அது பெரிய விசயமாகிவிடும், இலை பார்க்கக் கூப்பிட்டால் ஒன்றுமில்லை என்று பெரியவர்கள் முடிவெடுத்திருக்க வேண்டும். எனக்குச் சொல்லப்பட்டது, மரங்களைப் பார்க்கப் போகிறோம் என்பது மட்டும்தான்.

ஆனால் அதற்கு முதல் நாள் குசினியில் நடந்த கதை எனக்குக் கேட்டிருந்தது.

"ஆள் தங்கமான ஆள். விசா வந்திட்டா ஒரு பிரச்சினையும் இல்லை" என்றார் அம்மா.

"வந்திட்டா சரி. வராட்டி?" என்றார் அப்பா.

எங்கள் வீட்டில் "சித்தி வந்திட்டா", "பக்கத்து வீட்டு அன்ரி வந்திட்டா" என்றுதான் பெண்கள் வந்ததைச் சொல்வோம். ஆகவே விசா ஒரு பெண் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. அந்த ஆளின் அக்காவாக இருக்கலாம். வந்து நின்றாலே பிரச்சினை எல்லாம் தீர்ந்துவிடும் என்றால் கெட்டிக்கார மனுசியாகத்தான் இருக்க வேண்டும். என் மனதில் அவர் கண்ணாடி போட்டு, தோளில் பெரிய பை ஒன்றும் மாட்டியிருந்தார்.

டண்டினோங் மலையில் அப்பா தேர்ந்தெடுத்த தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது கார் நிறுத்த இடமில்லை. இரண்டு சுற்றுச் சுற்றி, ஒரு சரிவில் நிறுத்திவிட்டு இறங்கினோம். டைல்ஸ் பதிக்கிறவர் முன்னமே வந்து வாசலில் நின்றார். இஸ்திரி போட்ட நீலச் சேட்டு. விரல் இடுக்குகளில் கழுவியும் போகாத சீமெந்து. சித்தி அவரைப் பார்க்காமல் மரத்தைப் பார்த்தார். பார்ப்பதற்கு அந்த மரத்தில் ஒன்றும் இல்லை. அந்தக் கிழமை அடித்த காற்றில் ஜப்பான் மேப்பிள் மரங்களின் இலை எல்லாம் உதிர்ந்துவிட்டது. சனம் மொட்டை மரங்களுக்குக் கீழே நின்று, நிலத்தில் கிடந்த சேற்று இலைகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தது.

அப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. மூன்று கிழமையாகக் கணக்குப் பார்த்த மனுசன். ஏதாவது பேச வேண்டும் என்பதற்காக, "கியோட்டோவில இது நவம்பரில வரும். நீங்கள் ஜப்பான் பக்கம் போயிருக்கிறீங்களோ?" என்று அவரிடம் கேட்டார்.

"நான் இப்ப எங்கயும் போகேலாது அண்ணை. நாட்டை விட்டு வெளிக்கிட்டா திரும்பி வர விடமாட்டினம்."

அவர் அதை மழை வரும்போலக் கிடக்கு என்பதுபோல்தான் சொன்னார். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். விசா இல்லாமல் அவர் தனியே எப்படிப் போவார், பாவம், என்று நான் நினைத்தேன்.

பிறகு அவர்தான், "ஒரு இடம் இருக்கு, அண்ணை. கொஞ்சம் தூரம். காட்டுத்தீயில எரிஞ்சு போன ஊர். வீடுகள் திருப்பிக் கட்டேக்க அங்க வேலை செய்தனான். அந்த ரோட்டு மரங்கள் பிந்தித்தான் கொட்டும்" என்றார்.

அப்பாவின் பட்டியலில் அந்த ஊர் இல்லை. அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா கார்ச் சாவியை எடுத்தார்.

அவருடைய வேன் முன்னால் போக, நாங்கள் பின்னால் போனோம். வானம் தெரியாத அளவுக்கு உயர்ந்த மரங்கள் நின்ற காட்டுப் பாதை ஒன்றைத் தாண்டி அந்தச் சின்ன ஊருக்குள் இறங்கினோம். மலைச்சரிவில் எரிந்த மரங்கள் இன்னும் வெள்ளை வெள்ளையாய் நின்றன. கீழே வீடுகள் எல்லாம் புதிது, வேலிகளும் புதிது. ஆனால் பிரதான வீதியின் இரு கரையிலும் பழைய ஓக் மரங்கள் பொன்னும் செம்புமாய் எரிந்துகொண்டிருந்தன. எங்கள் காரின் கண்ணாடியில் இலைகள் வந்து ஒட்டின. அப்பா வைப்பரைப் போடவில்லை. காரை நிறுத்திவிட்டு வெகுநேரம் இறங்காமலே இருந்தார்.

"தீக்குள்ள நிண்ட மரங்களே?" என்று அம்மா கேட்டார்.

"ஓம் அக்கா. முதல் வருசம் கரியாத்தான் நிண்டதாம். பட்டுப் போச்சு எண்டுதான் எல்லாரும் நினைச்சவையாம். நான் வேலைக்கு வரேக்க தளிர் விட்டிட்டுது."

நான் இலை பொறுக்க ஓடினேன். அவரும் வந்து என்னோடு பொறுக்கினார். நான் கேட்ட நிறம் கிடைக்கும்வரை குனிந்து தேடினார். சித்தி தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓடைக் கரையில் பாய் விரித்து அம்மா சாப்பாட்டை எடுத்தார். மரக்கறி ரோல்ஸ், இடியப்பக் கொத்து, போத்தலில் தேத்தண்ணி. கடதாசித் தட்டுகளைப் பரப்புவது என் வேலை. எல்லோருக்கும் வைத்தபின் இன்னொன்றையும் வைத்து, அதில் பெரிய ரோலாகப் பார்த்து ஒன்றையும் வைத்தேன்.

"இது ஆருக்கு?" என்றார் அம்மா.

"விசா அன்ரிக்கு. அவா வந்திட்டா பிரச்சினை இல்லையெண்டு நீங்கள்தானே சொன்னீங்கள்."

அப்பா தட்டைப் பார்த்தார். அம்மா என் கையைப் பிடித்தார், கொஞ்சம் இறுக்கமாக. நான் ஏதோ பிழை செய்துவிட்டேன் என்று தெரிந்தது. என்ன பிழை என்றுதான் தெரியவில்லை.

அவர் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. என் உயரத்துக்குக் குனிந்து, "அவா வரக் கனகாலம் எடுக்கும் பிள்ளை. எப்ப எண்டு எனக்கும் தெரியாது. வராமலும் விடலாம்" என்றார். என்னிடம்தான் சொன்னார். ஆனால் அந்தப் பாயில் இருந்த எல்லோரும் கேட்டார்கள்.

சித்தி எழும்பி வந்தார். அந்தத் தட்டை எடுத்தார். ரோலை இரண்டாகப் பிய்த்து ஒரு பாதியை அவரிடம் நீட்டினார்.

"அவா வரேக்க வரட்டும். அதுக்காக நாங்கள் பட்டினி கிடக்கேலாது" என்றார். பிறகு அக்காவைப் பார்த்தார். அத்தானைப் பார்த்தார். பார்த்தபடியே மற்றப் பாதியைக் கடித்தார்.

வராத ஆளின் சாப்பாட்டை எடுத்தது அநியாயம் என்று நான் அழத் தொடங்கினேன். அம்மா என்னை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். அவருடைய கன்னமும் நனைந்திருந்தது. எனக்காகத்தான் அழுகிறார் என்று நான் நினைத்து அழுகையை நிறுத்திக்கொண்டேன். அப்பா ஒரு கப்பில் தேத்தண்ணி வார்த்து, முதலில் அவரிடம் கொடுத்தார்.

அடுத்த ஆவணியில் அவர் எனக்குச் சித்தப்பாவானார். அவருக்கு நிரந்தர விசா கிடைத்தபோது நான் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்புகளில் இருந்தேன். அதற்குள் அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து, நடந்து, சண்டை பிடிக்கவும் பழகியிருந்தார்கள்.

இலை பார்த்த அந்த ஞாயிறு பின்னேரம் திரும்பும்போது சித்தி எங்கள் காரில் ஏறவில்லை. வேனில் ஏறினார். முன்னால் போகிற எந்த வாகனத்தையும் முந்தாமல் விடாத அப்பா, அந்த வேனுக்குப் பின்னால் ஆறுதலாக, இடைவெளி விட்டு ஓட்டினார்.

"ஏனப்பா மெதுவாப் போறீங்கள்?" என்று கேட்டேன்.

"வடிவாக் கிடக்கு, அதான்" என்றார்.

நான் ஜன்னலில் நெற்றியை ஒட்டிக்கொண்டு பார்த்தேன். நாங்கள் அந்த உயர்ந்த காட்டுக்குள் வந்திருந்தோம். அங்கே நிறம் மாறுகிற மரம் ஒன்றுகூட இல்லை. பொழுதும் மங்கிவிட்டது. வேனின் பின் விளக்குகள் இரண்டும்தான் தெரிந்தன. அப்பா எந்த அழகைப் பார்த்து வடிவு என்கிறார் என்று எனக்கு விளங்கவே இல்லை.