திங்கட்கிழமைக் கூட்டத்தில் நான் சொல்லாத வசனம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஓர் ஆவணி மாதம், தாய்லாந்தின் வடகிழக்கில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்துக்கு நான்கு மாத ஆய்வுக்காகப் போயிருந்தேன். என் ஊர் யாழ்ப்பாணத்தில் வட்டுக்கோட்டைப் பக்கம். விவசாய ஆராய்ச்சியில் வேலை. எங்கள் தோட்டங்களில் வெங்காயத்தாள் முறுகி, மஞ்சளாகி, நிலத்தோடு படுத்துவிடுகிற ஒரு நோய் சனத்தைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தது. அங்கேயும் எங்களைப் போலச் சின்ன வெங்காயம்தான் போடுகிறார்கள். அதே நோயை ஓரளவு அடக்கியும் வைத்திருந்தார்கள். அதைப் படித்துவரத்தான் பயணம்.

ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், கோபம் மூக்கு நுனியில். வீட்டில் என் கணவர் எனக்கு வைத்திருக்கும் பெயர் கொச்சிக்காய், அதாவது மிளகாய். நான் விமானம் ஏறும்போது அவர் சொன்னது, "அங்கையாவது கொஞ்சம் அடங்கி இரும், கொச்சிக்காய்" என்பதுதான். நான் சிரித்துவிட்டுப் போய்விட்டேன்.

போன புதிதில் எல்லாமே எனக்குப் புதினம். ஆய்வுகூட வாசலில் குட்டியாய் ஒரு கோயில். அதில் இருக்கிற காவல் தெய்வத்துக்குச் சிவப்புச் சோடாப் போத்தலைத் திறந்து, அதற்குள் ஸ்ட்ரோவும் போட்டு வைத்திருப்பார்கள். எங்கள் வைரவருக்கு வடைமாலை போடுகிறோமே, அதுபோல என்று நினைத்துக்கொண்டேன். காலை எட்டு மணிக்குத் தேசிய கீதம் ஒலித்தால் சந்தையில் மீன் வெட்டுகிறவர்கூடக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு நிற்பார். பசைச்சோற்றைக் கையால் உருட்டிச் சாப்பிடலாம் என்று கண்டதும் எனக்குப் பாதி ஊர் வந்ததுபோல் இருந்தது.

மீதிப் பாதி ஊரைத் தந்தவர் அங்கே வேலை செய்த ஆய்வுகூட உதவியாளர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். ஆங்கிலம் பத்துச் சொல் தெரியும். எனக்குத் தாய்லாந்து மொழியில் அந்தப் பத்தும் தெரியாது. அவர்களிடத்தில் மூத்தவர்களை 'பீ' என்றும் இளையவர்களை 'நோங்' என்றும் கூப்பிடுவார்கள். நான் பீ என்று கூப்பிட்டாலும் மனதுக்குள் அக்கா என்றுதான் ஓடும். தினமும் காலையில் என்னைக் கண்டதும் அக்கா கேட்கிற முதல் கேள்வி, சாப்பிட்டாயா என்பது. வெள்ளிக்கிழமைகளில் நான் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் தொடுவதில்லை. அதை நான் யாருக்கும் சொல்லவில்லை. இரண்டு வெள்ளி நான் வெறும் சோறு சாப்பிட்டதைக் கவனித்துவிட்டு, மூன்றாவது வெள்ளி பப்பாளிக்காய்ச் சம்பலை மீன் சாறு விடாமல் உப்புப் போட்டு இடித்துக் கொண்டுவந்தார். மீன் படாத புது உரலில் இடித்ததாக அவர் கையால் காட்டியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் தோட்டங்களில் நோய்ப்பட்ட தாள்களிலிருந்து எடுத்த பங்கசுப் பூஞ்சண மாதிரிகளை, அனுமதிக் கடிதங்களுக்காக மாதக்கணக்கில் அலைந்து, நான் கொண்டுபோயிருந்தேன். அவற்றைக் கண்ணாடித் தட்டுகளில் வளர்த்து, மிதமான சூட்டில் ஒரு பெட்டிக்குள் வைத்திருந்தோம். அந்தப் பெட்டிக்குப் பக்கத்திலேயே, பார்வைக்கு அதே மாதிரி இன்னொரு பெட்டி. அது வெங்காயத்தாள்களைக் கடும் சூட்டில் உலர்த்துவதற்கு. ஒரு திங்கட்கிழமை காலை வந்து வளர்ப்புப் பெட்டியைத் திறந்தேன். தட்டுகள் எல்லாம் காய்ந்து, சுருண்டு, செத்துப்போயிருந்தன. இரண்டு மாத வேலை.

பெட்டிகளைப் பார்த்துக்கொள்வது அக்காவின் வேலை. வேறு யார் சூட்டைக் கூட்டியிருப்பார்கள் என்று நான் ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை. திங்கட்கிழமைகளில் பேராசிரியரும் மாணவர்களுமாகப் பதினைந்து பேர் கூடியிருந்து அந்த வாரத்து வேலையைக் கதைப்பார்கள். அந்தக் கூட்டத்துக்குள் நான் செத்த தட்டுகளோடு போனேன். எல்லோருக்கும் முன்னால் அக்காவைப் பார்த்து ஆங்கிலத்தில் ஏசத் தொடங்கினேன். பொறுப்பில்லையா, கடல் கடந்து கொண்டுவந்த சாமான் என்று தெரியாதா, எங்கள் சனத்தின் வயிற்றுப்பாடு இது என்று எத்தனை தரம் சொன்னேன் என்றெல்லாம்.

அக்கா எழுந்து நின்று கைகூப்பினார். சிரித்தார்.

அந்தச் சிரிப்புத்தான் என்னைப் பேயாக்கியது. எங்கள் வீடுகளிலும் பள்ளிக்கூடங்களிலும் ஏச்சு வாங்கும்போது பல்லைக் காட்டினால் இரண்டு மடங்கு விழும். அது கொழுப்பு, அது பகிடி என்றுதான் நாங்கள் வளர்ந்திருக்கிறோம். "இதில் சிரிக்க என்ன இருக்கிறது?" என்று கத்தினேன். அக்கா இன்னும் கொஞ்சம் சிரித்தார். நான் இன்னும் கொஞ்சம் கத்தினேன். கூட்டத்தில் ஒருவர்கூட நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. பேராசிரியர் எழுந்து, தன் ஆய்வுகூடத்தில் நடந்த தவறுக்குத் தானே பொறுப்பு என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் அதைப் பெரிய மனதோடு ஏற்றுக்கொண்டேன். நினைத்தால் இப்போதும் முகம் சுடுகிறது.

அன்று பின்னேரம் அக்கா ஒரு பெட்டியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். திறந்து பார்த்தால், என் மாதிரிகள் அத்தனைக்கும் ஒவ்வொரு பிரதி. நான் வந்த முதல் வாரத்திலிருந்தே, யாரும் சொல்லாமல், அக்கா ஒவ்வொன்றிலும் ஒன்றைத் தனியாகக் குளிர்சாதனப் பெட்டியில் எடுத்துவைத்திருக்கிறார். இரண்டு மாத இழப்பு மூன்று வார இழப்பாகக் குறைந்தது. செய்த குற்றத்துக்குப் பரிகாரம் தேடுகிறா என்று நினைத்தேன். நன்றிகூடச் சொல்லவில்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, வெள்ளிக்கிழமை நான் உலரவைத்த வெங்காயத்தாள்களை எடுக்கலாம் என்று உலர்த்தும் பெட்டியைத் திறந்தேன். மொறுமொறுவென்று இருக்கவேண்டிய தாள்கள் ஈரத்தோடு, பச்சையாக, பூஞ்சணம் பிடித்து நாறின.

அப்போதுதான் நினைவு வந்தது. வெள்ளி பின்னேரம் மாணவர்கள் என்னை ஒரு கோயில் திருவிழாவுக்குக் கூட்டிப்போக வான் கொண்டுவந்திருந்தார்கள். கீழேயிருந்து ஹோர்ன் அடித்தபடி இருந்தார்கள். நான் அரக்கப்பரக்கத் தாள்களைப் பெட்டிக்குள் தள்ளிவிட்டு, சூட்டை அறுபதுக்குத் திருப்பிவிட்டு ஓடினேன். திருப்பியது பக்கத்துப் பெட்டியை. என் பங்கசுகளை நானே அவித்திருக்கிறேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். அவசரக்காரிக்கு அதுவும் இல்லை.

எனக்கு மொழிபெயர்த்து உதவுகிற மாணவி ஒருத்தி இருந்தாள். அவளைத் தனியே கூப்பிட்டு விசாரித்தேன். அவள் முதலில் மழுப்பினாள். பிறகு சொன்னாள். சனிக்கிழமை செடிகளுக்குத் தண்ணீர் விட வந்த அக்கா, வளர்ப்புப் பெட்டியின் சூடு அறுபதில் நிற்பதைக் கண்டு குறைத்திருக்கிறார். பக்கத்துப் பெட்டியில் என் தாள்களையும் கண்டிருக்கிறார். யார் செய்தது என்று அன்றைக்கே அவருக்குத் தெரியும்.

அப்படியென்றால் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அந்தப் பிள்ளை என்னை அதிசயமாகப் பார்த்தாள். நீங்கள் விருந்தாளி, பேராசிரியருக்கு முன்னால் உங்களை எப்படித் தலைகுனிய வைப்பது என்றாள். அந்தச் சிரிப்பு? வெட்கம் தாங்காமல், என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும்போதும் நாங்கள் சிரிப்போம் என்றாள்.

அன்றே போய்ப் பேராசிரியரிடம் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டது மட்டுமல்ல, தாமதத்துக்குத் தன் ஆய்வுகூடமே காரணம் என்று யாழ்ப்பாணத்தில் என் மேலதிகாரிக்கும் எழுதிவிட்டார். இனி வாயைத் திறந்தால் இரண்டு நாட்டிலும் மானம் போகும் என்று பயந்தேன். கணவருக்குத் தொலைபேசி எடுத்து அழுதேன்.

"முதலிலை அந்த மனிசியிட்டைப் போய்ச் சொல்லும். அவ என்ன சொல்லுறா எண்டு பாப்பம்," என்றார்.

அக்கா கண்ணாடி வீட்டுக்குப் பின்னால் சாடி கழுவிக்கொண்டிருந்தார். நான் கைகூப்பி, மன்னித்துவிடுங்கள் என்று பாடமாக்கி வைத்திருந்த தாய்லாந்து மொழி வசனத்தைச் சொன்னேன். அக்கா பதறிப்போய் யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தார். ஈரக்கையால் என் கைகளைப் பிடித்து இறக்கினார். "மை பென் ராய்," என்றார். பரவாயில்லை என்று அர்த்தம். பிறகு வழக்கம்போல, சாப்பிட்டாயா என்றார்.

அன்று மாலை கணவரிடம் அதைச் சொன்னபோது, "அவவே பறவாயில்லை எண்டு சொல்லிப்போட்டா. பிறகேன் ஊரைக் கூட்டுறீர்? விடும்," என்றார். நான் கேட்க ஆசைப்பட்ட பதிலும் அதுதான். அவரைக் குறை சொல்லி நான் தப்பமுடியாது.

ஆனாலும் மனம் அறுத்தது. அடுத்த திங்கட்கிழமைக் கூட்டத்தில் சொல்லிவிடுவது என்று குறிப்புப் புத்தகத்தில் ஒரு வசனம் எழுதிக்கொண்டு போனேன். தவறு என்னுடையது, அவருடையது அல்ல. அவ்வளவுதான். அன்று பேராசிரியர் வரவில்லை. அதற்கடுத்த திங்கள் வந்தார், ஆனால் வெளியூர் விருந்தினர் இருவரும் வந்திருந்தார்கள். அதற்கடுத்த திங்கள் எல்லாரும் அதை மறந்துவிட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒவ்வொரு திங்களும் அந்த வசனம் மடியில் இருந்தது. வாயில் வரவில்லை. ஏசும்போது மட்டும் எவ்வளவு சரளமாக வந்தது.

நான் புறப்படுகிற நாளில் அவர்கள் வழக்கப்படி ஒவ்வொருவராக வந்து என் மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டி வாழ்த்தினார்கள். அக்கா கடைசியாக வந்தார். நூலைக் கட்டிக்கொண்டே நெடுநேரம் ஏதோ முணுமுணுத்தார். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. பதினைந்து பேரும் சுற்றி இருந்தார்கள், பேராசிரியரும் இருந்தார். அதைவிட நல்ல நேரம் ஒன்று எனக்கு வரப்போவதில்லை என்று தெரிந்தும் அழுதேனே தவிர வாய் திறக்கவில்லை. பிரிவுத் துயரம் என்று நினைத்து எல்லாரும் என்னைத் தேற்றினார்கள்.

ஊருக்கு வந்து ஏழு மாதமிருக்கும். ஒரு காலை, சங்கானைப் பக்கம் ஒரு தோட்டத்தில் வெங்காயம் பார்த்துக்கொண்டு நிற்கும்போது அந்த மாணவியிடமிருந்து செய்தி வந்தது. ஆய்வுகூடத்தில் இரண்டு உதவியாளரில் ஒருவரைத்தான் அந்த வருடம் வைத்திருக்கலாம் என்று வந்ததாம். அக்காவை நிறுத்திவிட்டார்களாம். அவர் ஊருக்குப் போய்ச் சகோதரியின் சாப்பாட்டுக் கடையில் நிற்கிறாராம். எதற்காக அக்காவை என்று திருப்பிக் கேட்டேன். அவள் நெடுநேரம் எழுதி எழுதி அழித்துவிட்டு, கடைசியில் அனுப்பினாள். பேச்சு வந்தபோது யாரோ அந்தப் பெட்டிச் சம்பவத்தைச் சொன்னார்களாம்.

வரம்பிலேயே குந்திவிட்டேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் கணவர் முகமும் கறுத்துவிட்டது. "வேறை காரணமும் இருந்திருக்கும்," என்றார். இருந்திருக்கலாம். ஆனால் என் வாயும் அதில் ஒரு காரணம். அன்றைக்கே எல்லாவற்றையும் விரிவாகப் பேராசிரியருக்கு எழுதினேன். பதில் இரண்டே வரி. உங்கள் நேர்மையை மதிக்கிறேன், ஆனால் அந்த வேலையிடமே இப்போது இல்லை. மாணவியின் உதவியோடு அக்காவைத் தொலைபேசித் திரையில் பார்த்தேன். கடைக்குள் அடுப்பு வெக்கையில் நின்று என்னைக் கண்டதும் சிரித்தார். முதல்முறையாக அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

சென்ற மாதம் எங்கள் பக்கத்து விவசாயிகள் ஒரு கூட்டம் வைத்தார்கள். அங்கே படித்துவந்த முறையால் இரண்டு போகமாக வெங்காயம் தப்பிவிட்டது. ஒரு பெரியவர் எனக்குப் பொன்னாடை போர்த்தி, "பிள்ளை இல்லாட்டி எங்கடை தோட்டம் எல்லாம் வெறும் தரைதான்," என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். தப்பவைத்தது அக்கா எடுத்துவைத்த பிரதிகள். இன்றைக்காவது சொல்லிவிடுவோம் என்று ஒலிவாங்கியைப் பிடித்தேன். "அங்கே ஒரு அக்கா எனக்கு நிறைய உதவி செய்தவ," என்றேன். அதற்குமேல் சொல்லாமல் ஒலிவாங்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதற்கும் கைதட்டினார்கள்.

சபையில் ஏசினேன், மூலையில் மன்னிப்புக் கேட்டேன். அதனால்தான் நாலு பேர் வாசிக்கட்டும் என்று இதை எழுதத் தொடங்கினேன். எழுதி முடித்துத் திரும்ப வாசிக்கும்போதுதான் உறைக்கிறது, அந்தப் பதினைந்து பேரில் ஒருவருக்கும் தெரியாத மொழியில், அந்த அக்காவால் ஒரு எழுத்தும் வாசிக்கமுடியாத மொழியில், நான் மறுபடியும் மூலையில் நின்றுதான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.