துரைசாணி கொடுத்த மடி

மாசிக் குளிரில், மெல்லிய பருத்திக் கவுனும் தலையில் வெயில் தொப்பியும் கக்கத்தில் ஒரு கொசுவலையுமாகக் கொடைக்கானலில் பஸ்ஸை விட்டு இறங்கினார் அந்தத் துரைசாணி. பற்கள் தந்தியடித்தன. இவர் இங்கே தங்கமாட்டார், மகளையும் தங்க விடமாட்டார் என்று அப்போதே நினைத்துவிட்டேன்.

மகள்தான் நான் சமைத்துப் போட்ட வீட்டு மிஸ்ஸம்மா. பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுக்கக் கடல் தாண்டி வந்தவர், சின்ன வயசு. அவருடைய ஊரில் நம் தேசத்தைப் பற்றி யார் யாரோ என்னென்னவோ சொல்லி வைத்திருந்தார்கள். எங்கே பார்த்தாலும் பாம்பாம், காலராவாம், பட்டினியாம், ஆளைப் பொசுக்கும் வெயிலாம். "அம்மா போய்ப் பார்க்கட்டும். அவளுக்குச் சரியென்று பட்டால் நீ அங்கேயே இரு. இல்லையென்றால் அவளோடு கிளம்பி வந்துவிடு" என்று அவருடைய அப்பா சொல்லியிருந்தார். மிஸ்ஸம்மாவுக்கோ இந்த மலையை விட்டுப் போக மனசே இல்லை.

அடுப்படிக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ பயம் காட்டக் கூடாது. பாம்பு சொல்லாதே. யானை சொல்லாதே. ப்ளீஸ்."

போயும் போயும் என்னிடம் இதைச் சொன்னார். மழை பெய்தால் ரோடு சரியும் என்று தூக்கம் கெடுகிறவள் நான். பெய்யாவிட்டால் கிழங்கு போச்சே என்று கெடும். அஞ்சாங்கிளாசோடு நின்றவள். ஒரு விஷயத்தை ஆதியோடு அந்தமாகத் தெரிந்துகொள்ள வழியில்லை என்றால் பயம் பாதியை இட்டுக்கட்டிக்கொள்ளும். என்றாலும் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன்.

மிஸ்ஸம்மா அம்மாவைப் படகில் ஏற்றினார். அருவிக்குக் கூட்டிப்போனார். பேரிக்காய் மரங்களைக் காட்டினார். துரைசாணி எல்லாவற்றையும் மரியாதையாகப் பார்த்துவிட்டு ஒரே பதிலைச் சொன்னார்: நம் ஊரும் இப்படித்தானே இருக்கிறது. இதே குளிர், இதே பேரிக்காய். இதற்காக நீ ஏன் இவ்வளவு தூரம் வந்து, யாருமில்லாமல் தனியாகக் கிடக்க வேண்டும்? கொதிக்கவைத்த தண்ணீர் பாட்டிலை மட்டும் கையை விட்டு இறக்கவே இல்லை. மிஸ்ஸம்மா தட்டில் சோறு அப்படியே மிச்சமிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் என் மகளுக்குப் பழனியில் முதல் மொட்டை போடுவதாக இருந்தது. மேல்மலையில் இருக்கும் கவுஞ்சியிலிருந்து என் அண்ணன் வருவார். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் பிள்ளைக்கு மொட்டை போடுவது எங்கள் வழக்கம். லீவு கேட்கப் போனேன். எதற்கு என்று துரைசாணி மகளிடம் விசாரித்தார். பிறகு என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். மிஸ்ஸம்மாவின் முகம் வெளிறிவிட்டது.

"அம்மாவும் வர்றாங்களாம்."

அந்தக் கூட்டம், அந்த வெயில், சவரக்கத்தி, பிள்ளைகளின் அலறல்! எதையெல்லாம் இவர் கண்ணில் காட்டக்கூடாது என்று பதறிக்கொண்டிருந்தோமோ, அத்தனையும் அங்கே ஒரே இடத்தில் இருக்கிறது. வீட்டுக்காரரிடம் போய்ப் புலம்பினேன்.

"வந்தா வரட்டுமே. மலையே உருண்டு வந்த மாதிரி நிக்கிற" என்றார் அவர்.

வெள்ளனே கிளம்பினோம். மலை இறங்க இறங்க வெயில் ஏறியது. துரைசாணி மடியில் தண்ணீர் பாட்டில், மருந்துப் பெட்டி, அந்தக் கொசுவலை. பழனியில் மொட்டை போடும் கொட்டகைக்குள் நுழைந்ததும் அவர் நின்றுவிட்டார். ஈரத் தரை முழுக்க முடி. ஆண், பெண், குழந்தை என்று வரிசையாகத் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். தலைமயிர் இல்லாத பெண்கள் சிரித்துப் பேசிக்கொண்டு வெளியே போனார்கள். அவர் மகள் கையைப் பிடித்த பிடியில் விரல் வெளுத்துப்போனது. முடிந்தது கதை என்று நினைத்தேன்.

அண்ணனைக் காணோம்.

"ஏம்மா, மாமன்காரரு வருவாரா, மாட்டாரா? பின்னால எத்தன பேரு நிக்கிறாங்க பாரு" என்று நாவிதர் சத்தம் போட்டார்.

"பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்ப் பாத்துட்டு வெரசா வாரேன்" என்று வீட்டுக்காரர் ஓடினார்.

நான் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். துரைசாணி மயக்கம் வருகிறமாதிரி இருக்கிறதென்று நாவிதர் பக்கத்திலிருந்த கல்லில் உட்கார்ந்தார். கீழே இறக்கிவிட்டிருந்த என் மகள் அவர் கவுனில் இருந்த பளபளக்கும் பித்தான்களைப் பார்த்தாள். தவழ்ந்து போய் மடியில் ஏறி ஒரு பித்தானைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவுதான். மடி கிடைத்துவிட்டது என்று நினைத்த நாவிதர் தலையில் தண்ணீரைத் தெளித்து, நடு உச்சியில் கத்தியை வைத்து ஒரே இழுப்பாக இழுத்துவிட்டார்.

"ஐயையோ, நிறுத்துங்க!" என்று நான் கத்தினேன்.

"பாதி மொட்டையோட நிறுத்தச் சொல்றியா?" என்றார் அவர்.

பிள்ளை வீரிட்டாள். துரைசாணி ஓடவில்லை. வெளிறிய முகத்தோடு பிள்ளையின் தாடையை ஒரு கையால் தாங்கி, மறு கையால் மார்போடு அணைத்து, கடைசி முடி விழும்வரை கண்ணைச் சிமிட்டாமல் இருந்தார். கவுன் முழுக்கத் தண்ணீரும் மயிரும்.

அந்த நேரம் பார்த்து, மூச்சு இரைக்க அண்ணன் உள்ளே வந்தார், பின்னாலேயே என் வீட்டுக்காரரும்.

"ஏத்தா, நான் செத்தா போயிட்டேன்?" என்றார். "மலப்பாதையில யானை மறிச்சுக் கெடந்துச்சு. உசுரக் கையில புடிச்சுக்கிட்டு ஓடியாரேன். இங்க வெள்ளக்காரம்மா மடியில சோலிய முடிச்சாச்சு. நல்லாருக்கு!"

யானை என்றதும் மிஸ்ஸம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

"அண்ணே, வேணும்னு நடந்ததில்லண்ணே..." என்று நான் அழ ஆரம்பித்தேன்.

"அழுவாத. மடி குடுத்தவுகளே சீரும் செய்யட்டும். காதும் அவுகளே குத்தட்டும். நான் ஓரமா நின்னு வேடிக்க பாக்குறேன்."

என்ன சொல்கிறார் என்று துரைசாணி கேட்டார். மறைக்க வழியில்லை. மடி கொடுத்தவர் மாமன், மாமன் முறை என்றால் காதுகுத்து, கல்யாணம் வரைக்கும் சீர் செய்ய வேண்டும் என்று மிஸ்ஸம்மா இங்கிலீஷில் சொன்னார். காசைப் பிடுங்கப் பார்க்கிறார்கள் என்று நினைக்கமாட்டாரா? இன்றைக்கே மகளைக் கூட்டிக்கொண்டு கப்பலேறிவிடமாட்டாரா?

துரைசாணி எழுந்தார். தேங்காய் பழம் வைத்திருந்த எங்கள் தாம்பாளத்தை எடுத்தார். அதில் தன் கொசுவலையை மடித்து வைத்தார். பிறகு தன் வெயில் தொப்பியைக் கழற்றி, சந்தனம் பூசிய பிள்ளையின் மொட்டைத் தலையில் வைத்தார். அது மூக்குவரை இறங்கிவிட்டது. தாம்பாளத்தை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார், பக்கத்துக் குடும்பத்தில் ஒருவர் நீட்டியதைக் கொஞ்சம் முன்னால் பார்த்து வைத்திருந்தவர்போல.

அண்ணன் வலையைத் தொட்டுப் பார்த்தார். "கொசுவலையா? கொடைக்கானல் குளிருல ஏதுங்க கொசு?" என்றவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. நாவிதரும் சிரித்தார். "சரி, மொட்ட அவுக மடி. காதுகுத்த அடுத்த மாசிக்கு வச்சுக்குவோம். ரெண்டு மாமனும் இருந்து செய்வோம். வருவாகளான்னு கேளுங்க மிஸ்ஸம்மா."

மிஸ்ஸம்மா கேட்டார். துரைசாணி பிள்ளையின் மூக்கிலிருந்து தொப்பியைத் தூக்கிவிட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மாவும் மகளும் தணிந்த குரலில் பேசிக்கொண்டே வந்தார்கள். பாதி மலையில் மிஸ்ஸம்மா அழுதார். நானே கெடுத்துவிட்டேன் என்று மகளை இறுக்கிக்கொண்டேன். மிஸ்ஸம்மா என் பக்கம் திரும்பினார்.

"நான் இங்கே தனியா இருக்கேன்னுதான் அம்மாவுக்குப் பயம். இப்போ சொந்தம் இருக்காம். அடுத்த மாசி வரைக்கும் அந்தச் சொந்தத்தைப் பார்த்துக்க எங்க வீட்டு ஆள் ஒருத்தர் இங்கேயே இருக்கணுமாம். என்னை இருக்கச் சொல்றாங்க."

"யானை?" என்றேன்.

"யானையைப் பார்க்கலையேன்னு வருத்தப்படுறாங்க."

மறு மாசியில் சொன்னபடி வந்தார். கனத்த கம்பளிக் கோட்டு போட்டிருந்தார். கையில் கொசுவலை இல்லை. அந்த நாட்டுக்கு மறுபடியும் எதற்குப் போகிறாய், அங்கே அப்படி என்னதான் இருக்கிறது என்று அவருடைய ஊரில் அக்கம்பக்கத்தில் எல்லோரும் கேட்டார்களாம்.

"என் மருமகளுக்குக் காது குத்த வேண்டும்" என்று சொல்லிவிட்டு வந்தாராம். காதில் ஊசி பட்டுச் சீழ் வைத்துவிட்டால் என்ன செய்வது என்று நான் அப்போதே கவலைப்பட ஆரம்பித்திருந்தேன்.