கூரை மறைந்த வீடு

காலை பத்து நாற்பதுக்கு மச்சாளுடைய வீட்டுக் கூரை மறைந்தது. வவுனியாவில் ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, மகள் தன் ஆவணப்படத்துக்காக எல்.ஈ.டி. திரைகளை அடுக்கிப் பெரிய சுவராக எழுப்பியிருந்தாள். வீடு நின்றது அந்தச் சுவரில். கமெரா நகர்ந்தால் வீடும் முற்றமும் அதற்கேற்ப நகரும். படம் பார்ப்பவருக்கு மச்சாள் தன் வளவில் நிற்பதாகவே தோன்றும். மச்சாளின் ஊரான ஸ்கந்தபுரத்தில் இப்போது அந்த வீடு இல்லை, அத்திவாரத்தின் மேல் பற்றை மண்டிக் கிடக்கிறது. பழைய கல்யாணப் படங்களைப் பார்த்துப் பார்த்து மகள் அதைக் கணினியில் மறுபடி கட்டியிருந்தாள். இல்லாத வீட்டை வைத்து எடுப்பது ஆவணப்படமாகுமா என்று நான் கேட்டதற்கு, "வீட்டைத்தானே அம்மா நான் செய்யிறன். கதை மாமியின்ரதானே" என்றாள்.

மச்சாள் என் அண்ணாவின் மனைவி. அன்று நல்ல உற்சாகமாகத்தான் வந்தார். திரைக்கு முன்னால் பரப்பியிருந்த செம்மண்ணைக் கண்டதும், தன் முற்றத்துக்குள் போவதுபோலச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். "உன்ர மகள் என்னைச் சீரியல்காரி ஆக்காமல் விடமாட்டாள் போல" என்று என் காதுக்குள் சொன்னார். பிறகு வீட்டைப் பார்த்தபடி கனநேரம் நின்றார்.

"வடிவாச் செய்திருக்கிறாய் பிள்ளை. ஆனா நாங்கள் வெளிக்கிட்ட அண்டைக்கு இதிலை கூரை இல்லை. கழட்டிப்போட்டம்."

எங்கள் பக்கத்தில் அது பலரும் செய்ததுதான். போருக்குத் தப்பி இடம்பெயர்கிறவர்கள் கூரையை விட்டுவிட்டுப் போவதில்லை. போகிற இடத்தில் மழைக்கு அந்தத் தகரம்தான் வேண்டும். அண்ணா மேலே ஏறிக் கழற்றிக் கொடுக்க, மச்சாள் கீழே நின்று வாங்கி உழவு இயந்திரப் பெட்டியில் அடுக்கினாராம். ஆணிகளைக்கூட நிமிர்த்தி எடுத்துக்கொண்டார்களாம். குசினியில் அடுப்புக்கு மேலிருந்த தகரங்கள் மட்டும் மிஞ்சின. அவற்றையும் கழற்றிக்கொண்டு பின்னால் வருவதாகச் சொல்லி மச்சாளை அனுப்பிவிட்டு நின்ற அண்ணா, அந்தக் கூரையில் இருக்கும்போதே எறிகணை விழுந்து செத்துப்போனார். மாமா இடப்பெயர்வில் இறந்தார் என்பது மகளுக்குத் தெரியும். கூரையில் என்பது தெரியாது. எங்கள் வீட்டில் அதைக் கதைப்பதில்லை.

அவள் ஒரு பிழையைத் திருத்துவதாகத்தான் நினைத்தாள். "அதுக்கென்ன மாமி, இப்பவே எடுக்கலாம்" என்று கணினியில் இருந்தவருக்குக் கைகாட்டினாள். ஒரு சத்தமும் இல்லை. குசினியோடு சேர்த்து முழுக்கூரையும் ஒரேயடியாகப் போய்விட்டது. வெறும் சுவர்களுக்கு மேல் நீல வானம். மச்சாள் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். முகம் கழுவப் போகிறார் என்றுதான் நினைத்தோம்.

அவர் திரும்பி வரவில்லை. கைப்பை கதிரையிலேயே இருந்தது. கைபேசியும் பிரஷருக்குப் போடும் குளிசையும் அதற்குள். பஸ் நிலையம், கோயில் வாசல், ஆஸ்பத்திரி என்று ஓட்டோவில் அலைந்தேன். எங்கே என்று கேட்டு மகள் திரும்பத் திரும்ப அழைத்தாள். "நான்தான் அம்மா கலைச்சுப்போட்டன்" என்று அழுதாள். திரைகளைப் பின்னேரம் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்பதை அவள் சொல்லவேயில்லை. போர்க்காலத்தில் வன்னியில் பிள்ளை வளர்த்தவர்களுக்குத் தெரியும், ஒருவர் கண்ணில் படாமல் போனால் மனம் எங்கெங்கே ஓடும் என்று. இவ்வளவு காலத்துக்குப் பிறகும் அது அதே பாதையில்தான் ஓடுகிறது. அதற்குப் பின் சில மாதங்கள் போய்விட்டன. மகள் வரக் கொஞ்சம் பிந்தினால் படலைக்கும் குசினிக்குமாக இன்னும் நடக்கிறேன்.

வெறுங்கையோடு நான் மண்டபத்துக்குத் திரும்பியபோது, சுவரின் ஒரு கரையிலிருந்து திரைகளைக் கழற்ற ஆயத்தம் செய்துகொண்டிருந்தார்கள். மகள் நிலத்தில் குந்தியிருந்தாள். அப்போது வாசலில் மச்சாள் வந்து நின்றார். முகம் வெயிலில் கறுத்திருந்தது.

"எங்க போனனீங்கள் மச்சாள்?" என்றேன்.

"ஊர்ப்பக்கம் போற கிளிநொச்சி பஸ்ஸிலை ஏறிட்டன். காசும் இல்லை, கொண்டக்டர் தம்பி ஏசேல்லை. வழியிலை ஓமந்தையிலை இறங்கி நிண்டன். அங்கால போய் ஆரைப் பாக்கிறது? திரும்பிட்டன்."

பிறகு மகளுக்குப் பக்கத்தில் போய் நின்று சொன்னார்:

"எழும்பு பிள்ளை. கூரையைத் திருப்பிப் போடச் சொல்லு. நான் சொல்லச் சொல்ல ஒவ்வொரு தகரமா எடுக்கட்டும். குசினிப் பக்கத்தை ஆரும் தொடக்குடாது."